பொது நலவாழ்வு அமைப்புகளில் உத்திசார் விரைதிறன்

பொது நலவாழ்வு அமைப்புகளில் உத்திசார் விரைதிறன் என்பது, அரசு நிதியில் இயங்கும் மருத்துவமனைகளும் நலவாழ்வுத் துறைகளும் தமது சூழலில் ஏற்படும் மாற்றத்தை உரிய காலத்தில் உணர்ந்து, அதற்கேற்பத் தமது திசையையும், பணம், ஆள், படுக்கை, மருந்து முதலிய வளங்களையும் மாற்றிக்கொள்ளும் ஆற்றலைக் குறிக்கும். ஆங்கிலத்தில் இது "ஸ்ட்ராட்டஜிக் அஜிலிட்டி" எனப்படுகின்றது. இவ்வாற்றலுக்கும் அவ்வமைப்புகளின் செயற்பாட்டுத் திறனுக்கும் உள்ள தொடர்பு, மேலாண்மையியலிலும் நலவாழ்வுக் கொள்கையிலும் ஆராயப்படும் ஒரு பொருளாகும். நோயாளிகள் காத்திருக்கும் நேரம், படுக்கைகளின் பயன்பாடு, மருந்துக் கையிருப்பு, சிகிச்சையின் தரம் என்பன செயற்பாட்டுத் திறனில் அடங்கும்.

விரைதிறன் என்பது வேகம் மட்டும் அன்று. தவறான திசையில் விரைந்து செல்லும் அமைப்பை விரைதிறன் உடையது எனக் கூற முடியாது. மாற்றம் வருவதற்கு முன்பே சிறிது வளத்தைக் கட்டுப்படாமல் வைத்திருப்பதும், கீழ்நிலையில் நடப்பது மேல்நிலைக்குத் திரிபின்றிச் சென்று சேர்வதும் இதன் அடிப்படைத் தேவைகள் ஆகும். இவற்றுள் இரண்டாவது தேவையே பெரும்பாலும் கவனிக்கப்படாமல் விடப்படுகின்றது.

கருத்துருவின் தோற்றம்

விரைதிறன் என்னும் சொல் மேலாண்மைத் துறைக்குத் தொழிற்சாலை வழியாகவே வந்தது. 1991 இல் ஐக்கிய அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அயக்கோக்கா நிறுவனம் வெளியிட்ட அறிக்கையொன்று, ஒரே வகைப் பொருளைப் பெருந்தொகையாகச் செய்யும் முறைக்கு மாற்றாக விரைதிறன் உற்பத்தியை முன்வைத்தது. 1997 இல் டேவிட் டீஸ், கேரி பிசானோ, ஏமி சூவென் ஆகியோர் வெளியிட்ட கட்டுரை, மாறும் சூழலுக்கு ஏற்பத் தன் திறமைகளையே மாற்றியமைத்துக்கொள்ளும் ஆற்றலை "இயங்குநிலைத் திறன்கள்" என வரையறுத்தது. 2001 இல் வெளிவந்த மென்பொருள் உருவாக்கத்துக்கான "அஜைல்" அறிக்கை வேறொரு மரபைச் சார்ந்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் பல இடங்களில் குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

இன்று பெரிதும் எடுத்தாளப்படும் விளக்கம் ஈவ் டோஸ், மிக்கோ கோசோனென் ஆகிய இருவரும் 2008 இல் எழுதிய நூலில் இருந்து பெறப்பட்டதாகும். உத்திசார் விரைதிறனுக்கு மூன்று கூறுகள் உள்ளன என்பது அவர்கள் கருத்து. சூழலைக் கூர்ந்து உணர்தல், தலைமையில் உள்ளோர் ஒருமித்து முடிவெடுத்து அதில் நிலைத்து நிற்றல், வளங்களைத் தேவையான இடத்துக்கு நகர்த்தும் நெகிழ்ச்சி என்பனவே அவை. கோசோனென் பின்லாந்தின் நோக்கியா நிறுவனத்தில் உயர் பொறுப்புகளை வகித்தவர். அந்நிறுவனம் தன் கைபேசித் தொழிலை 2014 இல் மைக்ரோசாப்ட்டிடம் விற்றுவிட்டது என்பதையும் இங்குக் குறிப்பிடலாம். விரைதிறனை அறிந்திருப்பதும் அதனைத் தக்கவைத்துக்கொள்வதும் ஒன்றல்ல.

அரசுத் துறையில் உள்ள வேறுபாடு

தனியார் நிறுவனங்களை மனத்திற்கொண்டு உருவாக்கப்பட்ட இக்கருத்துரு, அரசு மருத்துவமனைகளுக்கு அப்படியே பொருந்துவதில்லை. தனியார் நிறுவனம் இலாபம் தராத வாடிக்கையாளரை விட்டு விலகலாம். அரசு மருத்துவமனை வாசலில் நிற்கும் நோயாளியைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதன் நிதி தலைப்பு வாரியாக ஒதுக்கப்படுகின்றது; மருந்துக்கு ஒதுக்கிய பணத்தை ஊதியத்துக்கோ, ஊதியத்துக்கு ஒதுக்கியதைக் கருவிக்கோ மாற்றுவதற்கு மேலிடத்து ஒப்புதல் வேண்டும். செலவழிக்காத பணம் நிதியாண்டின் இறுதியில் பெரும்பாலும் காலாவதியாகி விடும். பயன்படாத ஒரு மருத்துவமனையை மூடுவது மேலாண்மை முடிவாக மட்டும் நின்றுவிடாமல், அப்பகுதி மக்கள் பிரதிநிதியின் அரசியல் வாழ்வோடும் தொடர்புடையதாகி விடுகின்றது.

எனவே மூன்று கூறுகளுள் வளங்களின் நெகிழ்ச்சியே அரசுத் துறையில் மிகக் கடினமானது எனக் கருதப்படுகின்றது. எனினும் இக்கட்டுப்பாடுகளை வெறும் தடைகளாக மட்டும் காண்பது பொருந்தாது. ஒப்பந்தப்புள்ளி விதிகளும் தணிக்கையும் பொதுப்பணம் களவு போகாமல் காப்பதற்கு ஏற்பட்டவை.

செயற்பாட்டுத் திறனை அளத்தல்

மருத்துவச் சேவையின் தரத்தை அளப்பதற்கான அடிப்படைச் சட்டகத்தை அவேடிஸ் டொனபேடியன் 1966 இல் வெளியிட்டார். கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்னும் மூன்று நிலைகளில் அதனை மதிப்பிட வேண்டும் என்றார் அவர். எத்தனை படுக்கைகள் உள்ளன என்பது கட்டமைப்பு. நெஞ்சுவலியோடு வந்தவருக்கு உரிய மருந்து உரிய நேரத்தில் கொடுக்கப்பட்டதா என்பது செயல்முறை. அவர் உயிர் பிழைத்தாரா என்பது விளைவு. இவற்றுள் கட்டமைப்பை எண்ணுவது எளிது, விளைவை அறிவது கடினம். ஆகவே எளிதில் எண்ணத்தக்கதையே எண்ணிவிட்டு நிறைவு கொள்ளும் போக்கு நிர்வாகங்களில் காணப்படுகின்றது.

படுக்கையோ மருத்துவரோ ஒரு கணமும் ஓய்வாக இருத்தல் ஆகாது என்னும் எண்ணம் திறமையான நிர்வாகத்தின் அடையாளமாகக் கொள்ளப்படுவதுண்டு. கணிதம் இதற்கு மாறாக உள்ளது. ஒரு மருத்துவர் ஒரு நோயாளிக்குச் சராசரியாக 10 நிமிடம் செலவிடுகின்றார் எனவும், நோயாளிகள் ஒழுங்கற்ற இடைவெளிகளில் வருகின்றனர் எனவும் கொள்வோம். வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரியின்படி, அம்மருத்துவரின் நேரத்தில் 80 விழுக்காடு நிரம்பியிருக்கும்போது நோயாளியின் சராசரிக் காத்திருப்பு 40 நிமிடம் ஆகும். 90 விழுக்காடு நிரம்பினால் அது 90 நிமிடமாகவும், 95 விழுக்காடு நிரம்பினால் 190 நிமிடமாகவும் உயரும். அதாவது மருத்துவரின் ஓய்வில் மேலும் 5 விழுக்காட்டைப் பறித்தமைக்கு ஒவ்வொரு நோயாளியும் 100 நிமிடம் கூடுதலாகக் காத்திருக்க நேர்கின்றது. படுக்கைகளுக்கும் இது பொருந்தும். 1999 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஒரு கணினி மாதிரி ஆய்வு, சராசரிப் படுக்கை நிரம்பல் 85 விழுக்காட்டைத் தாண்டும்போது இடர் தெரியத் தொடங்குவதாகவும், 90 விழுக்காட்டில் படுக்கை நெருக்கடி அடிக்கடி ஏற்படுவதாகவும் காட்டியது. வீணாகத் தோன்றும் இந்த வெற்றிடமே எதிர்பாராத நாளில் விரைதிறனாக மாறுகின்றது.

அளவீடு இலக்காக மாறும்போது வேறொரு சிக்கல் எழுகின்றது. இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவை, விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோர் நான்கு மணி நேரத்துக்குள் சிகிச்சை பெற்று வெளியேறவோ உள்நோயாளியாகச் சேர்க்கப்படவோ வேண்டும் என்னும் இலக்கை 2000 ஆம் ஆண்டுக்குப் பின் நடைமுறைப்படுத்தியது. நெடுநேரக் காத்திருப்பு பெரிதும் குறைந்தது உண்மையே. ஆனால் நோயாளிகள் பிரிவை விட்டு நீங்கிய நேரங்களை வரைபடமாக்கிய ஆய்வாளர்கள், நான்காம் மணி முடிவதற்குச் சற்று முன்னர் ஒரு செங்குத்தான உயர்வு இருப்பதைக் கண்டனர். நோய் கடிகாரத்தைப் பார்த்து நடப்பதில்லை ஆதலால், அவ்வுயர்வு நிர்வாகத்தின் செயலே ஆகும்.

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலவாழ்வு நிர்வாகம்

மேற்கூறிய மூன்று கூறுகளும் ஒன்றுகூடினால் என்ன நிகழும், அவற்றுள் ஒன்று பழுதுபட்டால் என்ன நிகழும் என்பவற்றை ஒரே அமைப்பில் காண்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலவாழ்வு நிர்வாகம் சிறந்த எடுத்துக்காட்டாகும். படைப்பணியிலிருந்து விலகியோருக்கு மருத்துவம் அளிக்கும் இவ்வமைப்பு, மருத்துவமனைகளைத் தானே உடைமையாகக் கொண்டு, மருத்துவர்களைத் தானே பணியமர்த்தி நடத்துகின்றது. தனியார் மருத்துவம் மேலோங்கிய அந்நாட்டில் இது ஒரு விதிவிலக்கு எனலாம்.

1990களின் தொடக்கத்தில் இவ்வமைப்பின் பெயர் நன்றாக இருக்கவில்லை. ஏறத்தாழ 170 மருத்துவமனைகளைக் கொண்டிருந்த அது, நோயாளியைப் படுக்கையில் சேர்த்து நெடுநாள் வைத்திருக்கும் பழைய முறையிலேயே இயங்கியது. சட்டமும் அதற்குத் துணைநின்றது. வெளிநோயாளிச் சிகிச்சைக்கான தகுதி விதிகள் எவ்வளவு சிக்கலாக இருந்தன எனின், கால் எலும்பு முறிந்த படைவீரருக்குச் சிகிச்சை அளிக்கலாம், ஆனால் வெளிநோயாளியாக அவருக்கு ஊன்றுகோல் கொடுக்க முடியாது என்னும் நிலை சுட்டிக்காட்டப்பட்டது.

1994 இல் இதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற மருத்துவர் கென்னத் கைசர், அதற்கு முன் கலிபோர்னியா மாநில நலவாழ்வுத் துறையை நடத்தியவர். படைவீரர் நிர்வாகத்துக்கு வெளியிலிருந்து வந்தவர். 1995 இல் அவர் முன்வைத்த திட்டத்தின்படி நான்கு பெரும் மண்டலங்கள் கலைக்கப்பட்டு 22 ஒருங்கிணைந்த வலையமைப்புகள் உருவாக்கப்பட்டன. அதுவரை மருத்துவமனையே நிர்வாகத்தின் அலகாக இருந்தது. இனி ஒரு நிலப்பரப்பில் வாழும் படைவீரர் தொகையே அலகு என ஆக்கப்பட்டது. இதன் பொருள் பெரிது. ஒரு மருத்துவமனையின் தலைவர் தன் படுக்கைகளை மூட விரும்பமாட்டார். ஒரு நிலப்பரப்புக்குப் பொறுப்பானவரோ, படுக்கையை மூடி மிஞ்சும் பணத்தில் தொலைவில் உள்ள ஊரொன்றில் வெளிநோயாளி நிலையம் திறக்கலாம்.

1996 அக்டோபரில் நிறைவேறிய தகுதிச் சீர்திருத்தச் சட்டம் வெளிநோயாளிச் சிகிச்சைக்கு இருந்த தடையை நீக்கியது. 1997 இல் நிதி ஒதுக்கும் முறையும் மாற்றப்பட்டது. முந்தைய ஆண்டில் ஒரு மருத்துவமனை எவ்வளவு செலவிட்டதோ அதையொட்டி நிதி வழங்கும் வழக்கம் கைவிடப்பட்டு, எத்தனை நோயாளிகள் பயன்பெறுகின்றனர் என்பது அடிப்படையாயிற்று. படைவீரர்கள் முதுமையில் குடிபெயர்ந்த தெற்கு, மேற்கு மாநிலங்களுக்கு வடகிழக்கிலிருந்து பணம் நகர்ந்தது. வளங்களின் நெகிழ்ச்சி என்று நூல்கள் கூறுவது நடைமுறையில் இதுவேயாகும்.

விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1999 ஆம் ஆண்டளவில் தீவிர சிகிச்சை சாராத உள்நோயாளிப் படுக்கைகள் உட்பட, குறுங்காலச் சிகிச்சைக்கான படுக்கைகளில் பாதிக்கும் மேற்பட்டவை மூடப்பட்டிருந்தன. ஏறத்தாழ 300 புதிய சமூக வெளிநோயாளி நிலையங்களுக்கு வழி செய்யப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் சிகிச்சை பெறுவோர் தொகை சுமார் 7 இலட்சம் கூடியிருந்தது. பணியாளர் தொகை இதே காலத்தில் குறைந்தது. தரம் தாழவில்லை என்பதே குறிப்பிடத்தக்கது. 2003 இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று, முதியோருக்கான மெடிக்கேர் காப்பீட்டுத் திட்டத்தோடு இவ்வமைப்பை ஒப்பிட்டது. 2000 ஆம் ஆண்டில் 13 தர அளவீடுகளுள் 12 இல் படைவீரர் நிர்வாகமே மேம்பட்டிருந்தது.

இம்மாற்றத்துக்குக் கருவியாக இருந்தவற்றுள் ஒன்று கணினி. 1970களின் பிற்பகுதியில் மருத்துவர்களும் நிரலாளர்களும், தலைமையகத்தின் விருப்பத்துக்கு மாறாகவும் சில வேளைகளில், ஆங்காங்கே எழுதிவந்த நிரல்களே பின்னர் "விஸ்டா" என்னும் நாடளாவிய மருத்துவப் பதிவு அமைப்பாக வளர்ந்தன. மருந்து கொடுக்குமுன் நோயாளியின் கைப்பட்டியையும் மருந்துறையையும் பட்டைக்குறியீட்டால் சரிபார்க்கும் முறை, கன்சாஸ் மாநிலத்தின் டொப்பீக்காவில் பணியாற்றிய செவிலியர் ஒருவரின் எண்ணமாகும். வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் குறியீட்டைக் கருவியால் படித்ததைக் கண்டு அவருக்கு இது தோன்றியது. கீழ்நிலையில் பிறந்த எண்ணம் நாடு முழுதும் சென்று சேர்ந்தது என்பது அக்கால அமைப்பின் செவி திறந்திருந்ததற்குச் சான்று. 2005 ஆகத்து இறுதியில் கத்ரீனா சூறாவளி நியூ ஓர்லியன்சைத் தாக்கியபோது அந்நகரின் பல மருத்துவமனைகளில் தாள் பதிவுகள் நீரில் அழிந்தன. இடம்பெயர்ந்த படைவீரர்களின் பதிவுகளையோ பிற நகரங்களின் படைவீரர் மருத்துவமனைகள் சில நாள்களில் திரையில் படிக்க முடிந்தது.

மற்றொரு கருவி செயற்பாட்டு ஒப்பந்தம் ஆகும். ஒவ்வொரு வலையமைப்பின் இயக்குநரும் ஆண்டுதோறும் குறிப்பிட்ட இலக்குகளை ஏற்றுக் கையொப்பமிட்டனர். கைசர் 1999 இல் இரண்டாம் பதவிக்காலத்துக்குச் செனட்டின் ஒப்புதல் கிடைக்காத நிலையில் விலகினார். ஒப்பந்தங்கள் தொடர்ந்தன, இலக்குகள் பெருகின.

பீனிக்ஸ் காத்திருப்புப் பட்டியல்

அடுத்த பத்தாண்டில் ஈராக், ஆப்கானித்தான் போர்களிலிருந்து திரும்பியோர் புதிதாகச் சேர்ந்தனர். வியட்நாம் போர்க்காலப் படைவீரர்கள் முதுமையடைந்தனர். தேவை உயர்ந்த அளவுக்கு மருத்துவர் தொகை உயரவில்லை. இந்நிலையில் 2011 இல் நோயாளிக்கு 14 நாளுக்குள் சந்திப்பு வழங்கப்பட வேண்டும் என்னும் இலக்கு வகுக்கப்பட்டது. அதற்கு முந்தைய இலக்கு 30 நாள். நிர்வாகிகளின் மதிப்பீட்டிலும் ஊக்கத்தொகையிலும் இதற்கு இடம் இருந்தது.

காத்திருப்பு கணக்கிடப்பட்ட முறை சிக்கலின் கருவாகும். நோயாளி தொலைபேசியில் அழைத்த நாளிலிருந்து காத்திருப்பு எண்ணப்படவில்லை. அவர் "விரும்பிய நாள்" என்று கணினியில் பதியப்படும் நாளிலிருந்தே எண்ணப்பட்டது. பதிவு எழுத்தர் முதலில் காலியாக உள்ள நாளைத் தேடுவார்; அது மூன்று மாதம் தள்ளி இருக்கும். பின்னர் அந்நாளையே நோயாளி விரும்பிய நாளாகப் பதிந்துவிடுவார். மூன்று மாதக் காத்திருப்பு கணினியில் சுழியம் ஆகிவிடும். வேறு சில இடங்களில் நோயாளிகளின் பெயர்கள் அதிகாரப்பூர்வ மின்பட்டியலில் சேர்க்கப்படாமலே வைக்கப்பட்டன.

2014 ஏப்ரலில் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகர மருத்துவமனை பற்றிய குற்றச்சாட்டுகளைச் சி.என்.என். தொலைக்காட்சி வெளிக்கொணர்ந்தது. மே 28 இல் தலைமை ஆய்வாளர் அலுவலகம் இடைக்கால அறிக்கையை வெளியிட்டது. மருத்துவமனை, முதல் சந்திப்புக்குச் சராசரியாக 24 நாள் ஆவதாகத் தெரிவித்திருந்தது. ஆய்வாளர்கள் மாதிரியாக எடுத்துக்கொண்ட 226 படைவீரர்கள் உண்மையில் சராசரியாக 115 நாள் காத்திருந்தனர். சுமார் 1,700 பேர் எந்த மின்பட்டியலிலும் இடம்பெறாமலே காத்திருந்தனர். இரு நாள் கழித்துத் துறைச் செயலர் எரிக் சின்செக்கி பதவி விலகினார். சூன் மாதத்தில் வெளியான நாடளாவிய தணிக்கை, முதல் சந்திப்புக்காக 90 நாளுக்கும் மேல் காத்திருந்தோர் 57,000க்கு மேற்பட்டோர் எனக் கண்டது. வினவப்பட்ட பதிவு எழுத்தர்களுள் 13 விழுக்காட்டினர், நோயாளி கேட்ட நாளுக்கு மாறான நாளைப் பதியும்படி தமக்கு அறிவுறுத்தப்பட்டதாகக் கூறினர். காத்திருந்த காலத்தில் சிலர் இறந்திருந்தனர். தாமதமே அவ்விறப்புகளுக்குக் காரணம் என உறுதியாகக் கூற இயலவில்லை என்று ஆகத்து மாத இறுதி அறிக்கை தெரிவித்தது.

இது எவரும் அறியாத செய்தியாக இருக்கவில்லை. பதிவு முறைகளில் உள்ள குறைகளைத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2005 முதலே அறிக்கைகளில் எழுதி வந்தது. 2010 ஏப்ரலில் தலைமையகத்திலிருந்து அனுப்பப்பட்ட சுற்றறிக்கை ஒன்று, இத்தகைய ஏமாற்று வழிகளை வகை வகையாக விவரித்து, அவற்றைக் கைவிடுமாறு பணித்தது. அறிதல் இருந்தது. ஆனால் மேலிடம் நாள்தோறும் பார்த்துவந்த எண்கள் நன்றாக இருந்தமையால், கூடுதல் மருத்துவர் எங்குத் தேவை என்பது எண்களில் தெரியவில்லை. பொய்யாகப் பதியப்பட்ட ஒவ்வொரு நாளும் அந்த ஊருக்குச் செல்ல வேண்டிய ஒரு மருத்துவரைத் தடுத்தது எனலாம். 1990களின் சீர்திருத்தத்துக்கு வலுவூட்டிய அதே செயற்பாட்டு அளவீடு, இங்கு அமைப்பின் கண்ணைக் கட்டியது. கைசரும் ஆய்வாளர் அசீசு ஜாவும் 2014 இல் எழுதிய கட்டுரையில், தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு டசனாக இருந்த அளவீடுகள் நூற்றுக்கணக்கில் பெருகி நோக்கம் சிதறியதைச் சுட்டிக்காட்டினர்.

2014 ஆகத்தில் நிறைவேறிய சட்டம், 30 நாளுக்கு மேல் காத்திருக்க நேர்வோரும் 40 மைலுக்கு அப்பால் வாழ்வோரும் வெளி மருத்துவர்களிடம் அரசுச் செலவில் செல்ல இடமளித்தது. 2018 ஆம் ஆண்டுச் சட்டம் இதனை விரிவாக்கியது. 14 நாள் இலக்கு கைவிடப்பட்டது. காத்திருப்பு நேரங்கள் பொதுமக்கள் பார்க்கும் வண்ணம் 2017 முதல் இணையத்தில் வெளியிடப்பட்டன. 15 பெருநகரப் பகுதிகளில் நான்கு மருத்துவத் துறைகளை ஒப்பிட்டு 2019 இல் வெளியான ஆய்வின்படி, 2014 இல் படைவீரர் மருத்துவமனைகளின் சராசரிக் காத்திருப்பு 22.5 நாள், தனியாரிடம் 18.7 நாள், 2017 இல் முன்னது 17.7 நாளாகக் குறைய, பின்னது 29.8 நாளாக உயர்ந்திருந்தது. எலும்பு மருத்துவத்தில் மட்டும் படைவீரர் மருத்துவமனைகள் பின்தங்கியிருந்தன.

நெருக்கடியில் விரைதிறன்: சிங்கப்பூர், 2003

பல ஆண்டுகளில் நிகழும் மாற்றத்தைப் போலன்றி, சில நாள்களில் முடிவெடுக்க வேண்டிய நிலைக்குச் சிங்கப்பூரின் சார்சு நோய்ப் பரவல் எடுத்துக்காட்டாகும். 2003 மார்ச்சு தொடக்கத்தில் டான் டோக் செங் மருத்துவமனையில் நுரையீரல் அழற்சியோடு சேர்க்கப்பட்ட ஒருவரிடமிருந்து செவிலியர், பார்வையாளர் எனப் பலருக்கு நோய் தொற்றியது. மார்ச்சு 22 இல் அம்மருத்துவமனை முழுவதும் சார்சு நோய்க்கென ஒதுக்கப்பட்டு, பிற நோயாளிகள் வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பப்பட்டனர். இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய பொது மருத்துவமனையை ஒரே நோய்க்கு மாற்றுவதற்கு, ஏனைய மருத்துவமனைகளில் இடமும் அவற்றுக்கிடையே ஒப்புதலும் வேண்டும். மருத்துவமனைகளுக்கிடையே பணியாளரும் நோயாளிகளும் சென்று வருவது கட்டுப்படுத்தப்பட்டது. பணியாளர்கள் நாள்தோறும் தம் உடல் வெப்பத்தைப் பதிவு செய்தனர்.

இங்கும் உணர்தலே வலுவிழந்த கண்ணியாக இருந்தது. பிற நாட்பட்ட நோய்களும் கொண்டிருந்த ஒருவரிடம் சார்சின் அறிகுறிகள் மறைந்திருந்தமையால், அவர் வழியாகச் சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் மற்றொரு தொற்றுக் கொத்து ஏற்பட்டது. வரையறைக்குள் அடங்கும் நோயாளியை மட்டும் தேடும் முறை அவரைத் தவறவிட்டது. மே மாத இறுதியில் உலக நலவாழ்வு அமைப்பு சிங்கப்பூரைத் தொற்றுப் பகுதிகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. இப்பரவலில் மொத்தம் 238 பேர் பாதிக்கப்பட்டனர். 33 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டோரில் ஐந்தில் இரு பங்கினர் மருத்துவப் பணியாளர்கள். இந்நிகழ்வின் பாடமாக எழுந்த 330 படுக்கைகள் கொண்ட தேசியத் தொற்றுநோய் மையம் 2019 செப்டம்பரில் முறைப்படி திறக்கப்பட்டது. சில மாதங்களில் கோவிட்-19 வந்தது.

வழமையான பணியில் விரைதிறன்: தமிழ்நாட்டின் மருந்து வழங்கல்

நெருக்கடி இல்லாத நாள்களிலும் விரைதிறனுக்கு வேலை உண்டு என்பதைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் அமைப்பில் காணலாம். 1994 சூலையில் அரசு நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்ட இக்கழகம் 1995 சனவரி முதல் இயங்கத் தொடங்கியது. அத்தியாவசிய மருந்துகளின் பட்டியல் ஒன்றை வகுத்து, வணிகப் பெயர்களை விடுத்து மூலப் பெயரிலேயே உற்பத்தியாளர்களிடமிருந்து மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு வழங்குவது இதன் பணியாகும். ஒவ்வொரு தொகுதி மருந்திலிருந்தும் மாதிரி எடுக்கப்பட்டு, உற்பத்தியாளர் பெயர் தெரியாதவாறு குறியீடிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்படுகின்றது.

விரைதிறன் நோக்கில் முக்கியமானது பாஸ்புத்தக முறையாகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆரம்ப நலவாழ்வு நிலையத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு பண மதிப்புக்கு மருந்து எடுக்கலாம் என ஒதுக்கீடு செய்து, அது ஒரு புத்தகத்தில் எழுதப்படுகின்றது. எந்த மருந்தை எவ்வளவு எடுப்பது என்பது அந்நிலையத்தின் மருத்துவ அலுவலர் முடிவு. வயிற்றுப்போக்கு பரவும் மாதத்தில் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களைக் கூடுதலாகவும் வேறொன்றைக் குறைவாகவும் அவர் எடுத்துக்கொள்ளலாம். அதற்குச் சென்னையின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. விலை பேசுவது ஓரிடத்தில் குவிந்தும், தெரிவு செய்வது பல இடங்களில் பரந்தும் இருக்கும் இவ்வமைப்பு, தணிக்கைக்கும் நெகிழ்ச்சிக்கும் ஒருசேர இடமளிக்கின்றது. கிடங்கிலிருந்து மருந்து வெளியேறும் அளவே தேவையின் அளவாகவும் அமைவதால், எவரும் தனியாக அறிக்கை எழுதி அனுப்ப வேண்டிய தேவை குறைகின்றது. பீனிக்ஸ் எழுத்தரைப் போல எண்ணை அழகுபடுத்தும் தூண்டுதலும் இங்குக் குறைவு. கேரளம், இராசத்தான் முதலிய மாநிலங்கள் பின்னர் இதையொத்த கழகங்களை அமைத்தன.

விமர்சனங்கள்

விரைதிறன் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை நிர்வாகிகளிடம் வினாத்தாள் கொடுத்துப் பெற்ற விடைகளையே சான்றாகக் கொள்கின்றன. தமது மருத்துவமனை விரைதிறன் உடையதா என்பதற்கும், அது நன்றாகச் செயற்படுகின்றதா என்பதற்கும் ஒரே நிர்வாகி ஒரே நாளில் விடையளிப்பாராயின், இரண்டுக்கும் தொடர்பு காணப்படுவதில் வியப்பில்லை. நோயாளியின் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளே கூடுதல் மதிப்புடையவை.

பணியாளர் நிலை மற்றொரு கேள்வியாகும். நிர்வாகம் நெகிழ்ச்சி என அழைப்பது, இரவுப் பணி முடிந்த செவிலியரை மறுநாள் வேறு பிரிவுக்கு மாற்றுவதாக இருக்கலாம். அமைப்பின் நெகிழ்ச்சி முழுவதும் தனிமனிதர்களின் உடலிலிருந்து எடுக்கப்படுமானால், அதனை அமைப்பின் ஆற்றல் எனக் கணக்கிடுவது தவறாகும்.

விதிகளைத் தளர்த்துவதே விரைதிறன் என்னும் கருத்தும் கண்டனத்துக்கு உள்ளாகியுள்ளது. 2020 இல் கோவிட்-19 பரவியபோது ஐக்கிய இராச்சிய அரசு பாதுகாப்புக் கவச உடைகளை வழமையான போட்டி ஒப்பந்தப்புள்ளி இன்றி வாங்கியது. அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் பரிந்துரைத்த வழங்குநர்களுக்கெனத் தனி முன்னுரிமைப் பாதை ஒன்றும் இருந்தது. அப்பாதை சட்டத்துக்குப் புறம்பானது என உயர் நீதிமன்றம் 2022 சனவரியில் தீர்ப்பளித்தது. 2020-21 நிதியாண்டில் வாங்கிய இவ்வகைப் பொருள்களின் மதிப்பில் 870 கோடி பவுண்டைத் துறையின் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்ய நேர்ந்தது. விலை வீழ்ச்சி இதில் ஒரு பகுதி. பயன்படுத்தத் தகாதவையும், மருத்துவமனைகளுக்குப் பொருந்தாதவையும், பயன்படு முன்பே காலாவதியாகும் எனக் கணிக்கப்பட்டவையும் மறுபகுதி.